டிரைவர் இல்லை

டோல்கேட் தாண்டி, கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறது
எடைமேடை ஆபீஸ். இரவு பதினொன்றே கால்.
ஜீரோ கேட் பக்கமாய் டிரெய்லர்கள்
ஒன்றின் பின்விளக்கை ஒன்று முகர்ந்தபடி.
"இன்னா சார், கம்ப்யூட்டரு பூட்ச்சா?"
போகவில்லை. திணறுகிறது.

மேசைக்கடியில் குனிந்து காது வைத்தேன்.
டொக்.
கொஞ்சம் யோசனை.
டொக்.
எட்டு கேமராவும் எடைச்சீட்டும் ஒரே தட்டில்.
விளிம்பில் ஒன்றை எழுதிவிட்டு
நடுவுக்கு ஓடி ஒன்றைப் படித்துவிட்டு
மறுபடி விளிம்புக்கு.
ஒரு வேலை சொல்வது, முடிகிறவரை காத்திருப்பது,
அப்புறம்தான் அடுத்தது:
எவனோ பயாஸில் வைத்துவிட்டுப் போன பழைய முறை.
முப்பத்திரண்டு வேலையை மொத்தமாய் மடியில் வாங்கி
வழியில் எது முதலில் வருகிறதோ அதை முதலில் முடிக்க
இந்த டிஸ்க்குக்குத் தெரியும்.
கேட்கத்தான் ஆளில்லை.

ஒரு வரியை மாற்றினேன், அவசரமாய்.
நீலத் திரை.
உள்ளே ஆளை எழுப்பாமல் கதவை மாற்றிய மடையன் நான்.
"டிரைவர் இல்ல" என்றேன், எனக்கே.
ஏகவல்லி ஜன்னலிலிருந்து திரும்பினாள்.
"அத்தத்தான் நானும் கத்தினுகீறேன்!
மேட மேல வண்டி நிக்குது, டிரைவரக் காணோம்!"

அவன் டீக்குப் போயிருந்தான்.
வரிசை முழுக்க ஹாரன்.
மணலிப் பக்கம் சுடர் ஒருமுறை எழும்பி அடங்கியது.

நான் பாதுகாப்பு முறையில் எழுப்பிக்கொண்டிருந்தபோது
அவள் டார்ச்சும் கிளிப் அட்டையுமாய் இறங்கிப் போனாள்.
முப்பது வண்டிச் சீட்டையும் ஒரே நடையில் பிடுங்கி வந்தாள்.
காலி வண்டி ஒரு கத்தை.
மணலிக்குத் திரும்புவது ஒரு கத்தை.
ரிவர்ஸ் எடுக்காமல் ஏறக்கூடியது மேலே.
பேர் சொல்லிக் கூப்பிட்டாள், வந்த வரிசையில் அல்ல.
திட்டினார்கள். வண்டிகள் நகர்ந்தன.

மேசைக்கடியில் டொக் நின்று
கல்லில் மத்தி பொரிகிற மாதிரி ஒரு சத்தம்,
விடாமல்.

ஒன்று பத்துக்கு ஒருவர் படியேறி வந்தார்.
பெஞ்சலய்யா, நாயுடுபேட்டை, நாற்பதடி டிரெய்லர்.
"நேத்து ராத்திரி வந்தேன்மா."
அவர் சீட்டு கிளிப்பின் அடியில் இருந்தது.
வளைத்துத் திருப்பி ஏற்றவே கால் மணி நேரம் பிடிக்கும் வண்டி;
ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால்
சுளுவாய் ஒரு வண்டி வந்துகொண்டே இருந்திருக்கும்.
கணக்குப்படி லாபம்தான்.
டிஸ்க் டிரைவருக்குள்ளே ஒரு கடிகாரம் உண்டு,
முப்பது நொடி தாண்டினால் என்ன ஆச்சு என்று கேட்கும்.
இவருக்கு இருபத்தாறு மணி.

"நேத்து வந்தேன்றதுக்கு இன்னா சாட்சி?" என்றார் சூப்பர்வைசர்.
நாலாம் கேமராவைத் திறந்தேன்.
பதினொன்று ஏழு. பதினொன்று எட்டு.
ஒரு முனகல்.
எல்லாம் நின்றது, எட்டுப் படமும், எடையும்.
ஒன்று தவறினால் வரிசை மொத்தமும் கலைந்துவிடும், அது விதி.
டிரைவர் போய்ப் பிழைக் குறிப்பைப் படித்தது:
தவறியது வரிசை எண் பூஜ்ஜியம்.
மற்றதையெல்லாம் திரும்ப அனுப்பியது.
அவை வந்தன.
பூஜ்ஜியத்தை மறுபடி கேட்டது. மறுபடி.
பதினொன்று ஒன்பது வரவே இல்லை.
பதினொன்று பத்தில் ரோட்டில் ஒரு நாய் மட்டும்.

சூப்பர்வைசர் தோளைக் குலுக்கினார்.
ஏகவல்லி அவரைப் பார்க்கவில்லை.
கிளிப்பைத் தலைகீழாய்ப் பிடித்து உருவினாள்.
"ஏத்துங்க அண்ணா. நான் ரிவர்ஸ் சொல்றேன்."

"வா... வா... ஒடி... ஒடி... ஹோல்டான்!"
டார்ச் வெளிச்சம் தாரில் ஆடியது.
திரையில் எண்கள் கொஞ்ச நேரம் நடுங்கின,
கடல் காற்றுக்கு அப்படித்தான் என்றாள்.
பிறகு நின்றது.
முப்பத்தெட்டாயிரத்து நானூறு.